நாவலோடு இன்னொரு தாளும் அனுப்புங்கள்

கதை எழுதுகிறவர்களுக்கும், அதைத் திருத்திப் பதிப்பிக்கிறவர்களுக்கும்,



தீபாவளி ராத்திரியில் நிலா காயாது. தேய்பிறைச் சதுர்த்தசியில் வரும் பண்டிகை அது. அமாவாசையை ஒட்டிய இருட்டு. விடியலுக்குச் சற்று முன்னால் கீற்றாக ஒன்று எழும்பலாம், அவ்வளவுதான். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வெடிச்சத்தம் ஓய்ந்து ஊர் அடங்கிய பின் கதாநாயகி மொட்டைமாடியில் பால்நிலவில் நனைந்து நிற்கும் காட்சி, நான் திருத்தக் கையில் எடுக்கும் பிரதிகளில் மறுபடி மறுபடி வருகிறது. எழுதியவரைக் கூப்பிட்டுச் சொன்னால், “புனைவுதானே, விட்டுடுங்க” என்கிறார். பதிப்பாளரைக் கேட்டால், “அச்சுக்குப் போகணும், விட்டுடுங்க” என்கிறார். இந்த இரண்டு ‘விட்டுடுங்க’வையும் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

புனைவில் எதுவும் நடக்கலாம். செத்தவர் எழுந்து வந்து சோறு கேட்கட்டும், புளியமரம் சாட்சி சொல்லட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் ‘1968, ஐப்பசி, திருநெல்வேலி’ என்று அத்தியாயத்தின் தலையில் எழுதியது நீங்கள்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த வருடம் அந்த ஊரில் பள்ளிக்கூடம் போனவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்; ஓய்வூதியம் வாங்கி, அதில் புத்தகம் வாங்குகிறவர்களும் அவர்களே. ஒரு தப்பைக் கண்டதும் அவர்கள் கடிதம் போட்டுச் சண்டை பிடிப்பதில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள்.

ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். இது எவருடைய நாவலிலும் இல்லை. பல பிரதிகளில் பார்த்ததைச் சேர்த்து நானே கட்டிய பக்கம். அதே 1968. அப்பா இடுப்புப் பையிலிருந்து ஒரு 500 ரூபாய்த் தாளை எடுத்து மகனிடம் கொடுக்கிறார். மகன் சென்னைக்குப் போய், உறையின் மேல் பின்கோடு போட்டு வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். மாலையில் வீட்டுக்காரர் கூடத்தில் டிவி பார்க்கிறான். ஊரிலோ வருமானச் சான்றிதழுக்காக அம்மா வி.ஏ.ஓ.வைத் தேடி அலைகிறாள். சான்றிதழின் தலைப்பில் ‘தமிழ்நாடு அரசு’ என்று அச்சாகியிருக்கிறது.

ரிசர்வ் வங்கி 500 ரூபாய்த் தாளை வெளியிட்டது 1987இல். 1968இல் 100 ரூபாய்க்கு அடுத்த தாள் 1000 ரூபாய்தான். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை அரசு ஒழித்தது 1980இல்; கிராம நிர்வாக அலுவலர் என்ற உத்தியோகமே அதற்குப் பிறகு வந்தது. ஆக, அந்த அம்மா தேடிப் போயிருக்க வேண்டியது கர்ணத்தையோ முன்சீப்பையோ. சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆனது 1969 ஜனவரி 14. ஒரே பக்கத்தில் ஐந்து. இதில் வேடிக்கை என்னவென்றால், சரியாக இருந்த ஒன்றை மட்டும் திருத்துவதற்கு ஆள் தயாராக இருப்பார்: ‘சென்னை’யை அடித்துவிட்டு ‘மெட்ராஸ்’ என்று போடுவார், பெயர் 1996இல்தானே மாறியது என்று. அப்போது மாறியது ஆங்கிலப் பெயர். தமிழில் எழுதும்போது அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சென்னைதான்.

இந்த ஐந்தையும் சரிபார்க்க நூலகத்துக்குப் போக வேண்டாம். ரிசர்வ் வங்கியின் தளத்தில் நாணயக் கண்காட்சிப் பகுதி இருக்கிறது. எந்தத் தாள் எப்போது வந்தது, எப்போது செல்லாமல் போனது என்று படத்தோடு காட்டுகிறது. மற்றவையும் அப்படியே, கையிலிருக்கும் போனில் கிடைப்பவை. நிலவுக்கு ‘டைம் அண்ட் டேட்’ தளம் போதும்: ஊரையும் வருடத்தையும் கொடுத்தால் அமாவாசை, பௌர்ணமி எல்லாம் வரிசையாக வந்துவிடும். சோழர் காலம், நாயக்கர் காலம் என்று போகிறவர்களுக்கு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் ‘இந்தியன் எஃபெமெரிஸ்’ இருக்கிறது. கி.பி. 700இலிருந்து 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் கணக்குப் போட்டு வைத்த மனிதர் அவர். தொகுதிகள் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இப்படியொரு உழைப்பு நமக்காகக் காத்திருக்கும்போது, ராஜராஜன் காலத்துப் போர்முனையில் நள்ளிரவில் முழுநிலவு உதயமாவதை நான் எப்படி விட்டுவிடுவது? முழுநிலவு அந்திக்கு எழும். நள்ளிரவில் அது உச்சியில் நிற்கும்.

அந்தப் போர்முனையிலேயே வீரர்களுக்கு மிளகாய் அரைத்த குழம்பும் ஊற்றுகிறீர்கள். மிளகாயும் தக்காளியும் கொய்யாவும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498இல். மிளகைப் போட்டுவிட்டுப் போங்கள், குழம்பு கெட்டுப்போகாது. ராமநாதபுரத்துக் காட்டை எழுதும்போது சீமைக்கருவேலத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில் வந்ததுதான்.

பழைய மாவட்டக் கையேடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெல்சன் 1868இல் மதுரைக்கு எழுதியது, 1906இல் பிரான்சிஸ் மதுரைக்கும் ஹெமிங்வே தஞ்சாவூருக்கும் எழுதியவை, பேட் 1917இல் திருநெல்வேலிக்கு எழுதியது: எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன. எந்தத் தாலுகாவில் எந்தப் பயிர், எந்தப் பஞ்சத்தில் என்ன நடந்தது, சந்தை எங்கே கூடியது, எந்த ஆற்றுக்குப் பாலம் இருந்தது, நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவற்றை எழுதியவர்கள் ஆட்சி செய்ய வந்தவர்கள். சாதிகளைப் பற்றிய பக்கங்களில் ஏளனமும் குற்றமுத்திரையும் மண்டிக் கிடக்கும். சாதிகளைப் பற்றித் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாகப் போட்டதும் அப்படித்தான். விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பார்வையை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சமூகத்தைப் பற்றித் தர்ஸ்டன் சொன்னதை அப்படியே ஒரு பாத்திரத்தின் குணமாக இறக்கிவைத்த பிரதிகளைப் படித்துவிட்டு, அதை எழுதியவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அது தகவல் பிழைக்கும் மேலே.

உடுப்பு, தலைமுடி, கைக்கடிகாரம், பெண்களின் ரவிக்கைக் கை எவ்வளவு நீளம் என்பதற்கெல்லாம் எழுத்தில் தேடாதீர்கள், படத்தில் தேடுங்கள். தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடிச் சேர்த்து, பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழியும் ஆவணங்கள்’ திட்டத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கல்யாணப் படம், குழந்தைப் படம், இறந்தவரை உட்காரவைத்து எடுத்த படம்கூட உண்டு. ஒரு அத்தியாயத்துக்குத் தேவையான ஜாடை அதில் ஒரே படத்தில் கிடைத்துவிடும். அதுபோலவே பழைய நாளிதழ். ‘கூகுள் நியூஸ் ஆர்க்கைவ்’ பகுதியில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பழைய இதழ்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. செய்தியை விட்டுவிட்டு விளம்பரத்தைப் படியுங்கள். எந்தத் தியேட்டரில் எந்தப் படம், சைக்கிள் என்ன விலை, எந்த உத்தியோகத்துக்கு எவ்வளவு சம்பளம் என்று ஊரின் நாடித்துடிப்பு அங்கேதான் இருக்கிறது. தனுஷ்கோடி வரை ரயில் ஓடிய காலத்து நிலவரைபடம் வேண்டுமா? அமெரிக்க ராணுவம் 1950களில் இந்தியா முழுவதற்கும் போட்ட வரைபடங்களை டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டிருக்கிறது. குயில் எந்த மாதத்தில் உங்கள் ஊரில் கூவும், எந்த வாத்து எப்போது வந்து எப்போது போகும் என்பதற்கு ‘ஈபேர்ட்’ தளம். பறவையின் குரலைக் கேட்டு எழுத ‘செனோ கேன்டோ’ தளம்.

அட்டை வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 1950களின் கடைப்பலகை என்று படம் வரைகிறீர்கள். அதில் ‘லை’யும் ‘னை’யும் இன்றைய வடிவில் இருக்கின்றன. அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முன் பெரியாரின் இதழ்களில் அந்த வடிவங்கள் உண்டு, கடைப்பலகையில் தும்பிக்கை வைத்த எழுத்துதான்.

துப்பறியும் கதை எழுதுகிறவர்களே, உங்களிடம் எனக்குக் கொஞ்சம் அதிக வருத்தம். ஏனென்றால் உங்களுக்குக் கிடைப்பதுதான் எல்லாரையும்விடச் செழிப்பு, நீங்கள்தான் அதைத் தொடுவதே இல்லை. இன்னும் நீதிபதி சுத்தியலைத் தட்டுகிறார். நம் நீதிமன்றத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது, அது இங்கிலீஷ் படத்திலிருந்து வந்த சுத்தியல். 2025இல் நடக்கும் கொலைக்கு இன்ஸ்பெக்டர் ‘302இல் கேஸ் போடு’ என்கிறார். 2024 ஜூலை 1இலிருந்து நடக்கும் குற்றங்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்கு அதில் பிரிவு 103. ‘நானூத்தி இருபது’ என்று ஊரே திட்டிக்கொண்டிருந்த மோசடி 318க்குப் போய்விட்டது. பழைய எண்ணை வாய்தவறிச் சொல்லித் திருத்திக்கொள்ளும் ஏட்டையா என்றால் அது நல்ல பாத்திரம். ஆசிரியருக்கே தெரியாமல் வந்தால் அது வேறு. சட்டம் முழுவதும் அரசின் ‘இந்தியா கோட்’ தளத்தில் இருக்கிறது.

தீர்ப்புகளுக்கு ‘இந்தியன் கானூன்’ தளம். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு கொலை மேல்முறையீட்டுத் தீர்ப்பை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதல் சாட்சி இறந்தவரின் மனைவி. டீக்கடையில் நின்றவர் ஒருவர், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் ஒருவர். பார்வை மகஜரில் கையெழுத்துப் போட்ட கிராம உதவியாளர். ‘என்னிடம் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டான்’ என்று சொல்லும் வி.ஏ.ஓ. புகார் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது, இடையில் ஏன் இத்தனை மணி நேரம் என்று வக்கீல் அந்த இடைவெளியில்தான் நகத்தை வைக்கிறார். தெருவிளக்கு எரிந்ததா, சாட்சி நின்ற இடத்திலிருந்து முகம் தெரியுமா, இறந்தவரின் இரைப்பையில் செரிக்காத சோறு இருந்தது எந்த நேரத்தைக் காட்டுகிறது? ஒரு கைரேகையும் ஒரு கணினி வல்லுநரும் வந்து மர்மத்தை அவிழ்க்கும் கதைகளை நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது, நம் ஊர்க் குற்றத்தின் உண்மையான இழைகள் அங்கே யாரும் தொடாமல் கிடக்கின்றன. ஒரே எச்சரிக்கை: அவை நிஜ மனிதர்களின் வாழ்க்கை, பெயரோடும் ஊரோடும் இருக்கின்றன. நடைமுறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் துயரத்தை முழுசாகத் தூக்கிவந்து பெயரை மட்டும் மாற்றாதீர்கள்.

இனி பதிப்பாசிரியர்களே, உங்கள் பக்கம். எழுத்தாளர் தேடாமல் எழுதுவது ஒரு குறை என்றால், தேடாமல் திருத்துவது அதைவிடப் பெரிய குறை. உங்களுக்குப் பழக்கமில்லாத சொல் எல்லாம் எழுத்துப்பிழை அல்ல. நாஞ்சில் நாட்டார் எழுதியதைத் தஞ்சாவூராக்கி, யாழ்ப்பாணத்தாரின் ‘உவன்’ஐ ‘அவன்’ ஆக்கி, எல்லாவற்றையும் வாரப்பத்திரிகைத் தமிழாக வழித்துவிட்டு, ‘செம்மையாக்கம்’ என்று பெயர் வைக்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்றைக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில், வின்சுலோவோடும் பெப்ரிசியஸோடும் பக்கத்தில் பக்கத்தில் தேடலாம். அந்த அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் பொருளோடு நின்றுவிடாதீர்கள். ஓரத்தில் இருக்கும் குறுக்கக் குறிகளைப் பாருங்கள்: இது திருநெல்வேலி வழக்கு, இது நாஞ்சில் நாடு, இது யாழ்ப்பாணம் என்று போட்டிருப்பார்கள். பேனாவை எடுப்பதற்கு முன் அந்த ஓரத்தை ஒருமுறை பார்ப்பது நம் வேலையின் ஒரு பகுதி. ஈழத்துப் பேச்சுக்கு ‘நூலகம்’ தளம் இருக்கிறது. 2005இலிருந்து அங்கத்திய நூல்களையும் இதழ்களையும் சிறு வெளியீடுகளையும் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் நினைவோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயமான ஒரு சொல் அந்த மண்ணின் கதைகளில் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். 1930களின் பேச்சு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டுமானால் நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்கள் விக்கிமூலத்தில், சொல்லைத் தட்டித் தேடும்படி இருக்கின்றன. சமகாலத் தமிழுக்குக் க்ரியாவின் அகராதி மேசை மேலேயே இருக்கட்டும்.

“இதெல்லாம் எதற்கு, ஏஐ கிட்ட கேட்டா சொல்லிடுமே” என்று சிலர் சொல்கிறீர்கள். கேளுங்கள். எங்கே தேடலாம் என்று கேட்டால் உருப்படியாகச் சொல்லவும் செய்யும். ஆனால் நாகப்பட்டினத்துக் கட்டுமரத்தின் உறுப்புகளுக்குப் பெயர் கேட்டு, அது கொடுத்த பட்டியலை அப்படியே கதையில் வைத்து ஒருவர் அனுப்பியிருந்தார். எந்தக் கடற்கரையிலும் எவரும் சொல்லாத பெயர்கள், அத்தனையும் அழகான தனித்தமிழில். தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிற ஆளிடம் வழி கேட்ட கதைதான். விக்கிப்பீடியாவையும் அப்படியே நம்ப வேண்டாம். கட்டுரையைவிட அதன் அடிக்குறிப்பு பயன்படும், அது உங்களை மூலத்துக்கு அனுப்பும்.

இவ்வளவும் கிடைக்கும்போது ஏன் நடப்பதில்லை? சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. கார்த்திகை மழையில்தான் பிரதி வந்து சேர்கிறது. மெய்ப்புப் பார்ப்பவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒற்று சரியா, பத்தி சரியா என்று பார்ப்பதற்குள் அச்சகத்திலிருந்து போன் வந்துவிடும். ஒரு பின்கோடைச் சரிபார்க்கிற பத்து நிமிடத்துக்கு எவர் கணக்கிலும் காசு இல்லை. கதை எந்த வருடம் நடக்கிறது என்பதே பல பிரதிகளில் ஆசிரியர் மனதில் மட்டும் இருக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் பாட்டிக்கு அறுபது வயது, ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் 1942 ஆகஸ்ட் கலவரத்தில் கைக்குழந்தை என்று வரும், கதை நடப்பதோ எமர்ஜென்சி காலம். எதை எதனோடு ஒத்துப்பார்ப்பது? திருத்துகிறவர் ஊகித்து ஊகித்துத் தானே ஒரு கால அட்டவணை போட வேண்டியிருக்கிறது. அதை எழுதியவரே போட்டுக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

அதனால் நான் கேட்பது ஒரே ஒரு தாள். நாவலை அனுப்பும்போது கூடவே அதையும் அனுப்புங்கள். கதை நடக்கும் வருடங்கள், ஒவ்வொரு பாத்திரமும் பிறந்த வருடம், நிஜ ஊர் எது, கற்பனை ஊர் எது. எந்தத் தகவலை எங்கே பார்த்து உறுதி செய்தீர்கள், எதில் உங்களுக்கே ஐயம். தெரிந்தே மீறியது எது. இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். தீபாவளியன்று நிலா வந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்திருந்தால் அதில் எழுதிவிடுங்கள், நான் தொடமாட்டேன். பின்பக்கத்தில் உங்கள் வட்டாரச் சொற்களைப் பொருளோடு எழுதுங்கள், கைவைக்கக் கூடாதவை என்று தலைப்பிட்டு.

புத்தகம் வந்த பிறகு அந்தச் சொற்பட்டியலைக் கிழித்துப் போடாமல் தமிழ் விக்சனரியில் ஏற்றுங்கள், அல்லது இன்டர்நெட் ஆர்க்கைவில் போடுங்கள். கரிசல் வழக்குக்கு அகராதி செய்தவர் கி. ராஜநாராயணன், கொங்குக்குப் பெருமாள்முருகன், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன். மூவரும் உங்களைப் போல நாவலாசிரியர்கள்தான். பல்கலைக்கழகம் செய்யட்டும் என்று காத்திருக்கவில்லை. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியபோதும், ஆளுக்கொரு நூலாகத் தட்டச்சு செய்து கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத வாசகர்களே. நீங்களும் நானும் இன்று இலவசமாகத் தேடுவது அவர்கள் தட்டியதைத்தான்.

பதிப்பாளர்களிடம் கேட்பது இன்னும் கொஞ்சம். அந்தத் தாள் இல்லாமல் பிரதியை வாங்காதீர்கள். திருத்துகிறவர் தேடிப் பார்க்கும் நேரத்துக்குத் தனியாகக் கூலி வையுங்கள். அவர் பெயரைப் பதிப்புரிமைப் பக்கத்தில் போடுங்கள்; பெயர் இருந்தால் பழியும் அவருக்குத்தான், அதை ஏற்க நாங்கள் தயார். வருகிற கண்காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமென்றால் பிரதியும் தாளும் ஆவணி முடிவதற்குள் எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பிரதிகளைத் திருத்துகிறவர்களில் ஒருத்தி